அரசுப் பணம் இல்லாத ஆங்கிலப் பள்ளிகள்: காலனிக் கால ஹாங்காங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1997 வரை பிரித்தானியக் காலனியாக இருந்த ஹாங்காங்கின் பழைய தனியார் ஆங்கிலப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே வகையான ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945க்கும் 1980களுக்கும் இடைப்பட்ட காலத்தையே பேசுகிறேன். தேவைப்படும் இடங்களில் மட்டும் அதற்கு முன்னே செல்கிறேன்.

ஹாங்காங்கில் ஆங்கிலப் பள்ளி என்றால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்த பள்ளியா?

இல்லை. இங்கே பேசப்படும் பள்ளிகளில் படித்தவர்கள் அநேகமாக அனைவரும் வீட்டில் கான்டனீஸ் பேசிய சீனப் பிள்ளைகள். அரசு ஆவணங்களில் இப்பள்ளிகளுக்கு "ஆங்கில-சீனப் பள்ளி" என்று பெயர். சீன மொழியும் சீன வரலாறும் சீன மொழியிலேயே நடக்கும். மற்றப் பாடங்களுக்கு ஆங்கிலப் பாடநூல், ஆங்கிலத் தேர்வு. இவற்றுக்கு எதிர்ப்புறத்தில் எல்லாப் பாடங்களையும் சீனத்திலேயே நடத்திய "சீன நடுநிலைப் பள்ளிகள்" இருந்தன; இங்கே நடுநிலைப் பள்ளி என்பது நம் ஊர் வழக்கில் உயர்நிலைப் பள்ளி.

ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. இன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளி என்று அறியப்படுவது அரசு நடத்திய பள்ளி. 1967இல் ஆங்கிலப் பள்ளிகளுக்கான அறநிலையம் ஒன்று உருவாகி, அவ்வகைப் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. அதற்கு அரசுப் பணம் கிடைத்தது. ஆக, ஆளும் இனத்தின் பிள்ளைகள் பொதுப்பணத்தில் படித்தார்கள். எழுத்தராக வேண்டும் என்று கனவு கண்ட தையற்காரரின் மகன் தன் தந்தையின் பணத்தில் படித்தான்.

அரசு உதவி இல்லை என்கிறீர்கள். சரியாக எந்த உதவி இல்லை?

ஆசிரியர் சம்பளத்துக்கும் அன்றாட நடப்புச் செலவுக்கும் கருவூலத்திலிருந்து பணம் வராது. அதுதான் கோடு. போருக்குப் பின் ஹாங்காங்கில் நான்கு வகைப் பள்ளிகள் இருந்தன: அரசே நடத்தியவை, பழைய மானிய விதித்தொகுப்பின் கீழ் வந்தவை, உதவித்தொகை விதிகளின் கீழ் வந்தவை, தனியார் பள்ளிகள். மானியப் பள்ளிகள் என்பவை மொத்தம் 22 மட்டுமே. சமூகத்தில் அவற்றுக்கு இருந்த மதிப்பு அந்த எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு உயர்ந்தது. 1973இல் மானிய, உதவித்தொகை விதிகள் ஒன்றாக்கப்பட்டன.

தனியார் பள்ளிகளுக்குள்ளும் இரண்டு சாதி உண்டு. இலாப நோக்கற்றது என்று ஏற்கப்பட்ட பள்ளிக்குப் பெயரளவு விலையில் நிலமும் வட்டியில்லாக் கடனும் கிடைக்க வழி இருந்தது. இலாப நோக்குள்ள பள்ளிக்கு அவ்வழி இல்லை. மாணவர் கட்டிய மாதக் கட்டணத்திலிருந்துதான் வாடகையும் சம்பளமும் உரிமையாளரின் இலாபமும் வர வேண்டும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். கீழே பல இடங்களில் அது தேவைப்படும்.

மிஷன் பள்ளிகளும் தனியார்தானே? அவற்றையும் ஏன் சேர்க்கவில்லை?

நடத்தியவர்கள் தனியார்தான், ஆனால் செலவைப் பெருமளவு அரசு ஏற்றது. 1873இல் முதல் மானிய விதிகள் வந்தபோது, ஒரு நாளில் இடைவிடாமல் நான்கு மணி நேரம் சமயச் சார்பற்ற பாடம் நடத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அதை ஏற்க மறுத்து வெளியே நின்றது. 1879இல் ஆளுநர் ஹெனசி காலத்தில் நிபந்தனை தளர்த்தப்பட்டதும் கத்தோலிக்கப் பள்ளிகள் உள்ளே வந்தன. அன்று முதல் மிஷன் பள்ளிகள் அரசின் நிழலிலேயே வளர்ந்தன.

எல்லை எப்போதும் இறுக்கமாக இருந்ததில்லை என்பதற்கு வா யான் கல்லூரி நல்ல எடுத்துக்காட்டு. பீட்டர் சுய் என்ற சீன ஆசிரியர் 1919இல் ஹாலிவுட் சாலையில் ஒரு கட்டடத்தின் மாடியில், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு அதைத் தொடங்கினார். 1932இல் இயேசு சபையினர் அதை ஏற்றார்கள். இன்று அது நகரின் மிகப் பெயர் பெற்ற பள்ளிகளில் ஒன்று. மாடியில் தொடங்கிய பெரும்பாலான பள்ளிகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

யார் வேண்டுமானாலும் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துப் பள்ளி தொடங்க முடிந்ததா?

1913 வரை ஏறத்தாழ முடிந்தது. அந்த ஆண்டு வந்த கல்விச் சட்டம், மிகச் சிறியவை தவிர மற்றப் பள்ளிகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. 1911இல் சீனாவில் புரட்சி நடந்து முடிந்திருந்தது. வகுப்பறைகளில் என்ன பேசப்படுகிறது என்ற கவலை ஆங்கில அரசுக்கு வந்திருந்தது. பணம் கொடுக்காத பள்ளிகளின் மீதும் அதிகாரம் செலுத்தும் சட்டம் பிறந்தது கல்வித்தரத்தைப் பற்றிய அக்கறையால் மட்டுமல்ல என்பதை இந்தக் காலப் பொருத்தமே காட்டுகிறது.

1971இல் வந்த சட்டமும் அதன் விதிகளும் இன்னும் விரிவானவை. ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கோ ஒரே நாளில் இருபது பேருக்கோ பாடம் நடந்தால் அது பள்ளி. தட்டச்சுப் பள்ளியும் தனிப்பயிற்சி நிலையமும் கூட இதில் அடங்கும். ஓர் ஆசிரியருக்கு 45 மாணவர்களுக்கு மேல் கூடாது. தரையிலிருந்து 24 மீட்டருக்கு மேல் வகுப்பறை கூடாது. ஒப்புதல் பெற்ற கட்டணத்தைக் குறிக்கும் சான்றிதழ் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டப்பட வேண்டும். பணம் தராவிட்டாலும் கட்டணத்துக்கு உச்சவரம்பு அரசு கையில் இருந்தது.

அரசே ஏன் போதுமான பள்ளிகளைக் கட்டவில்லை? காலனியில் பணம் இல்லையா?

முதலில் உண்மையாகவே முடியவில்லை. பின்னர் முடிந்தும் செய்யவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1945இல் ஜப்பானியர் சரணடைந்தபோது நகரில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் இருந்தார்கள். சீன உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்களால் ஐந்தே ஆண்டுகளில் அது 20 லட்சத்தைத் தாண்டியது. 1954இல் அரசு ஏழாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. அது தொடக்கக் கல்விக்கானது. ஆறு ஆண்டு படித்து முடித்த பிள்ளை அதற்குப் பின் எங்கே போவது என்ற கேள்விக்குத் திட்டத்தில் இடமில்லை.

1960களில் காலனியின் வரவுசெலவில் மிச்சம் விழத் தொடங்கியிருந்தது. ஆனால் 1961 முதல் 1971 வரை நிதிச் செயலராக இருந்த ஜான் கௌபர்த்வெயிட் குறைந்த வரியிலும் சுருங்கிய அரசிலும் உறுதியான நம்பிக்கை கொண்டவர். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்கக் கல்வி இலவசமானதே 1971 செப்டம்பரில்தான். அதற்கு மேல் படிக்க 1962 முதல் "உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு" என்ற ஒன்று இருந்தது: சீனம், ஆங்கிலம், கணக்கு. அதில் முன்னணியில் வந்த சிறுபான்மையினருக்கே அரசுப் பணத்தில் இடம். மற்றவர்களுக்கு வேலை, அல்லது தனியார் பள்ளி. தேர்வு 1977 வரை நடந்தது. ஒரு தேர்வு பதினைந்து ஆண்டுகளாகத் தவறாமல் வாடிக்கையாளர்களை அனுப்பிக்கொண்டிருந்தது என்றால், தனியார் பள்ளிகளின் பெருக்கத்தைத் தற்செயல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, சீனப் பெற்றோர் ஏன் ஆங்கிலப் பள்ளிக்குப் பணம் கட்டினார்கள்? அரசு கட்டாயப்படுத்தியதா?

கட்டாயப்படுத்தவில்லை, அதற்குத் தேவையே இருக்கவில்லை. 1974 வரை காலனியின் ஆட்சிமொழி ஆங்கிலம் மட்டும். அரசு எழுத்தர் வேலை, வங்கி, கப்பல் நிறுவனம், நீதிமன்றம், எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சான்றிதழ் தேவை. 1911இல் நிறுவப்பட்ட ஹாங்காங் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பித்தது.

போருக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் சீன நடுநிலைப் பள்ளிகளும் வலுவாகவே இருந்தன. அங்கே படித்தவர்கள் முன்பு சீனாவின் பல்கலைக்கழகங்களுக்குப் போவார்கள். சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த 1949க்குப் பின் அந்தப் பாதை அடைபட்டது. பலர் தைவானுக்குப் போனார்கள். சீனத்தில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஹாங்காங்கிலேயே 1963இல் உருவானபோது காலம் கடந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் உயர்நிலை மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஆங்கில-சீனப் பள்ளிகளில் இருந்தார்கள். ஒரு மொழியைத் திணிக்காமலேயே மற்ற வாசல்களை மூடி வைத்தால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உண்மையிலேயே ஆங்கிலத்திலா பாடம் நடந்தது?

பலகையில் ஆங்கிலம், வாயில் கான்டனீஸ். ஆசிரியர் ஆங்கிலப் பாடநூலை ஒரு வாக்கியம் வாசிப்பார். கடினச் சொற்களுக்கு மாணவர்கள் பென்சிலால் சீனப் பொருள் எழுதிக்கொள்வார்கள். விளக்கம் முழுவதும் கான்டனீஸில், நடுநடுவே ஆங்கிலக் கலைச்சொற்களோடு நடக்கும். தேர்வுக்கு முன் விடைகள் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யப்படும். நல்ல மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கூடுதலாகப் புழங்கியது; கட்டணத்தை நம்பி நடந்த பள்ளிகளில் இந்தக் கலவைதான் பொதுவழக்கு.

இந்தக் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. 1935இல் பிரித்தானியாவிலிருந்து வந்த பள்ளி ஆய்வாளர் எட்மண்ட் பர்னி, ஆங்கிலத்துக்கு முதலிடம் கொடுத்துத் தாய்மொழியைப் புறக்கணிப்பதைத் தம் அறிக்கையில் கண்டித்தார். 1982இல் லுவெலின் தலைமையில் வந்த பன்னாட்டுக் குழுவும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கையை வைத்தது. இடைப்பட்ட 47 ஆண்டுகளில் பெற்றோர் விரும்புவதை அரசு தடுக்க முடியாது என்ற ஒரே பதில் வேறு வேறு வடிவங்களில் சொல்லப்பட்டது. பெற்றோர் ஏன் அப்படி விரும்பினார்கள் என்பதற்கு முந்தைய பதிலைப் பாருங்கள்.

அதற்காக, அங்கே யாரும் ஆங்கிலம் கற்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வணிகக் கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் சரக்குப் பட்டியல் படிக்கவும் வேண்டிய ஆங்கிலம் பலருக்கு வந்தது. அவர்கள் கட்டணம் கட்டியதும் அதற்குத்தான்.

அங்கே வாத்தியார்களாக இருந்தவர்கள் யார்?

சட்டம் இரண்டு வகை ஆசிரியர்களை ஏற்றது: தகுதியும் பயிற்சியும் உடைய "பதிவு பெற்ற ஆசிரியர்", பயிற்சி இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட ஒரு பள்ளியில் மட்டும் கற்பிக்க விடப்பட்ட "அனுமதி பெற்ற ஆசிரியர்". இரண்டாம் வகையினர் வேறு பள்ளிக்கு மாறினால் அனுமதியும் புதிதாக வாங்க வேண்டும். உரிமையாளருக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் பயிற்சி இல்லாதவர் என்றால் படிப்பு இல்லாதவர் என்று பொருளல்ல. சீனாவிலும் தைவானிலும் பெற்ற பட்டங்களைக் காலனி அரசு பிரித்தானியப் பட்டங்களுக்கு இணையாக ஏற்கவில்லை. அதனால் பெரும் படிப்பாளிகளான அகதிகள் பலர், அரசுப் பள்ளியில் நுழைய முடியாமல், இந்தப் பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்குக் காலை ஒரு பள்ளி, மாலை ஒரு பள்ளி என்று ஓடினார்கள். இப்பள்ளிகளில் சீன இலக்கியமும் சீன வரலாறும் பல நேரங்களில் மிகச் சிறப்பாகவும் ஆங்கிலம் சுமாராகவும் நடந்ததற்கு இது ஒரு காரணம். ஆங்கிலப் பள்ளி என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே நடந்த வேடிக்கை இது.

"கல்விக் கடை" என்று திட்டுவார்களாமே, அது எவ்வளவு உண்மை?

அந்தச் சொல் கான்டனீஸில் உண்மையாகவே வழங்கியது. இலாபத்துக்காக மட்டும் நடந்த பள்ளியை அப்படிச் சொன்னார்கள். விளையாட்டுத் திடல் இல்லை, நூலகம் என்பது ஓர் அலமாரி, ஆய்வகம் பெயருக்கு. ஒரே கட்டடத்தில் காலை ஒரு பள்ளி, பிற்பகல் இன்னொன்று, இரவில் வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு. உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான முதற்படிவத்தில் பல பிரிவுகள் நிரம்பியிருக்கும். பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு எழுதும் ஐந்தாம் படிவத்துக்கு வரும்போது ஆட்கள் கரைந்திருப்பார்கள். தேர்ச்சி விகிதம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பலவீனமான மாணவர்களைத் தேர்வுக்கு அனுப்பாத பள்ளிகளும் உண்டு. தேர்வு முடிவு வந்ததும் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்களின் படங்களோடு நாளிதழ் விளம்பரமும் உண்டு.

ஆனாலும் அந்தச் சொல்லை எல்லாப் பள்ளிகளின் மேலும் வீசுவது நியாயமல்ல. மேலே சொன்ன இலாப நோக்கற்ற பள்ளிகளில் சில, உதவி பெறும் பள்ளிகளுக்குச் சமமாக நடந்தன. தவிர, தொழிற்சாலையில் பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு இரவு ஆங்கில வகுப்புக்கு வந்த பெண்ணுக்கு, அந்தக் கடையைத் தவிர வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

கட்டட மொட்டைமாடியில் நடந்த பள்ளிகள் இவைதானே?

அவை வேறு. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து 50,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அதன்பின் எழுந்த மீள்குடியேற்ற அடுக்ககங்களின் மொட்டைமாடிகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு விட்டார்கள். அங்கே நடந்தவை பெரும்பாலும் சீன மொழித் தொடக்கப் பள்ளிகள். மிகக் குறைந்த கட்டணம். படங்கள் கண்ணைக் கவர்வதால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பீஜிங்கை ஆதரித்த இடதுசாரிப் பள்ளிகளும் உதவி பெறாதவைதானே?

ஆம், ஆனால் அவை ஆங்கிலப் பள்ளிகள் அல்ல, சீனத்தில் நடந்தவை. அவற்றுக்கு அரசு பணம் தராததன் காரணம் அரசியல். 1949இல் தாத் தாக் கல்லூரியின் பதிவை அரசு நீக்கியது. 1967இல் இடதுசாரிகள் காலனி அரசுக்கு எதிராக நடத்திய கலவரத்தின்போது சுங் வா நடுநிலைப் பள்ளி ஆய்வகத்தில் நடந்த வெடிப்புக்குப் பின் அதுவும் மூடப்பட்டது. இலாப நோக்கில் நடந்த ஆங்கிலப் பள்ளியின் தரம் எவ்வளவு தாழ்ந்தாலும் அதன் மேல் இந்த வேகத்தில் நடவடிக்கை பாய்ந்ததில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

அரசு தனியார் பள்ளியில் "இடம் வாங்கியது" என்கிறார்களே. அப்படியானால் அது உதவி பெறும் பள்ளி ஆகிவிடாதா?

இதுதான் அதிகம் குழப்பும் கேள்வி. 1974இல் வெளியான அரசின் கொள்கை அறிக்கை (வெள்ளை அறிக்கை) எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பணத்தில் ஒன்பது ஆண்டுக் கல்வியை இலக்காக வைத்தது. 1977 அக்டோபரில் ஆளுநர் மெக்லஹோஸ், குறித்த காலத்துக்கு ஓராண்டு முன்னதாக, 1978 செப்டம்பரிலேயே அதைத் தொடங்குவதாக அறிவித்தார். ஹாங்காங்கின் மலிவான ஏற்றுமதிப் பொருள்களுக்குப் பின்னால் சிறுவர் உழைப்பு இருக்கிறது என்று ஐரோப்பாவில் எழுந்த குரல்களுக்கும் இதில் பங்குண்டு. அறிவித்தாயிற்று; ஆனால் கட்டடம் இல்லை. எனவே அரசு தனியார் பள்ளிகளில் இருந்த இருக்கைகளைத் தலைக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்கி, அங்கே மாணவர்களை அனுப்பியது.

அந்தப் பள்ளி உதவி பெறும் பள்ளி ஆகவில்லை. உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசு அளவுகோலில் முழுமையாக வரும்; இங்கே இருக்கைக்கான தொகை மட்டுமே வரும், அதற்குள் எப்படிச் சமாளிப்பது என்பது நிர்வாகத்தின் பாடு. இலாப நோக்கற்ற சில பள்ளிகள் இதைப் படிக்கட்டாகக் கொண்டு முழு உதவிக்கு உயர்ந்தன. இலாப நோக்குள்ளவற்றை அரசு தற்காலிகத் தேவையாகவே வைத்திருந்தது. புதிய பள்ளிகள் கட்டி முடிந்ததும் கொள்முதலைக் குறைத்துக்கொண்டது. மாணவரும் போய், அரசுப் பணமும் போய், பலவற்றுக்குப் பூட்டு விழுந்தது. முன்பு நுழைவுத் தேர்வு வாடிக்கையாளர்களை அனுப்பியது என்றேன் அல்லவா? இப்போது அனுப்பியவரே நிறுத்திக்கொண்டார்.

இது நம் ஊர் மெட்ரிகுலேஷன் பள்ளி மாதிரிதானே?

கட்டணம், ஆங்கில ஆசை, அரசுப் பணம் இல்லாமை ஆகியவற்றில் ஒற்றுமை உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மெட்ரிகுலேஷனுக்கு நெடுங்காலம் தனிப் பாடத்திட்டமும் தனிப் பொதுத்தேர்வும் இருந்தன. ஹாங்காங்கில் மிகச் சிறந்த மிஷன் பள்ளி மாணவரும் மாடிப் பள்ளி மாணவரும் ஒரே பள்ளிச் சான்றிதழ்த் தேர்வை எழுதினார்கள். இன்னொரு முதன்மையான வேறுபாடு: தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் இடம் இருந்தும் தனியாரிடம் போகிறார்கள், அங்கே அரசு இடம் கிடைக்காதவர்கள் தனியாரிடம் போனார்கள். எனவே மதிப்பின் ஏணி தலைகீழாக இருந்தது.

அங்கே வாழ்ந்த இந்தியப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

கொடையாளர் எல்லிஸ் கடூரியின் பெயரில் இந்தியப் பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி ஒன்று இருந்தது. சீனம் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளை ஆங்கில-சீனப் பள்ளிகளில் சேர்ப்பது கடினம். முன்பு சொன்னபடி அவை பெயரில்தான் ஆங்கிலம்.

இன்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

1991இல் தொடங்கிய "நேரடி உதவித் திட்டம்" என்ற ஏற்பாட்டின் கீழ், கட்டணமும் வாங்கிக்கொண்டு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசுப் பணமும் பெறும் பள்ளிகள் வந்தன. தரமான தனியார் பள்ளிகளைக் காப்பாற்றத் திட்டமிட்டதாகச் சொல்லப்பட்ட இதில் முதலில் சேர்ந்தவற்றுள் மேலே சொன்ன இடதுசாரிப் பள்ளிகளும் இருந்தன, ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்பட வேண்டிய 1997 நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய மாடிப் பள்ளிகளில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. 1998 முதல் 114 உயர்நிலைப் பள்ளிகள் மட்டுமே ஆங்கிலத்தில் கற்பிக்கலாம் என்று அரசு வரையறுத்தபோது, அந்தப் பட்டியலில் தங்கள் பள்ளி இடம்பெற வேண்டும் என்று பெற்றோர் பட்ட பாடு, ஆங்கிலப் பெயர்ப்பலகைக்கு இருந்த விலை குறையவில்லை என்று காட்டியது.

என் மாமனார் படித்த பள்ளி மூடிவிட்டது. அவர் தேர்வு எழுதியதற்குச் சான்று வாங்க முடியுமா?

பள்ளி மூடியதும் தேர்வு முடிவு மறைவதில்லை. தேர்வை நடத்தியது பள்ளி அல்ல. 1977இல் அமைக்கப்பட்ட தேர்வு ஆணையம் இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது, பழைய பள்ளிச் சான்றிதழ்த் தேர்வின் முடிவுகளை உறுதிப்படுத்தும் சான்றுரையை விண்ணப்பத்தின் பேரில் தருகிறது. பள்ளி மூடப்பட்ட செய்தியை விட, தேர்வு எழுதிய ஆண்டும் அன்றைய ஆவணங்களில் பதிந்திருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலும் தெரிந்திருப்பது முதன்மையானது. கான்டனீஸ் பெயர்களை ஒவ்வொரு பள்ளி எழுத்தரும் தம் விருப்பப்படி ஆங்கிலத்தில் எழுதிய காலம் அது. எனவே பழைய அடையாள அட்டை கையில் இருந்தால் முதலில் அதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.